இல்லத்து அடுப்பும் எஞ்சிய உணவும்

(நமது ஜமாஅத்தின் குடும்ப நல நிகழ்ச்சியில், மகளிர் அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





சிக்கனம் என்ற பொருளில் உரையாற்றுமாறு நிர்வாகிகள் என்னைப் பணித்திருக்கின்றார்கள். சிக்கனம் என்பது கடல் போன்ற தலைப்பு. பல ஆண்டுகள் மனையியல் பாடம் நடத்தியவள் என்ற முறையில், அக்கடலில் ஒரு கையளவு நீரை மட்டும் எடுத்துக்கொள்ள விரும்புகின்றேன். வீட்டிலேயே பிரட்டும் கேக்கும் சுட்டுக்கொள்வது ஒன்று. மீந்துபோன உணவை வீணாக்காமல் பயன்படுத்துவது மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அண்மைக் காலமாக நம் மஹல்லாவில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது கேக் சுடக் கற்றிருக்கின்றது. மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் ஓவன் இருக்கின்றது. "கடையில் வாங்காமல் வீட்டிலேயே சுடுகின்றோம், செலவு மிச்சம்" என்று தாய்மார்கள் பெருமையோடு கூறக் கேட்டிருக்கின்றேன். உண்மையிலேயே மிச்சம்தானா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டாமா?

இது பொழுதுபோக்கிற்கான கணக்கன்று. வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு குடும்பத் தலைவர் ஊர் திரும்பிய வீடுகள் நம்மிடையே பல உள்ளன. வரவு பாதியாகச் சுருங்கிய பின்னரும் சமையலறை மட்டும் பழைய அளவிலேயே நடந்துகொண்டிருக்கும். மாதக் கடைசியில் மளிகைக் கடையில் பற்று எழுதுவார்கள். பற்று ஏறிவிட்டால் ஒரு வளையல் அடகுக் கடைக்குச் செல்லும். அங்கே வட்டி என்னும் வாசல் திறந்துகொள்ளும். அந்த வாசலுக்குச் செல்லும் வழி பெரும்பாலும் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்ப் பற்றாக்குறையில்தான் தொடங்குகின்றது. அந்தத் தொகை நம் வீட்டுக் குப்பைக் கூடையிலேயே கிடக்கின்றது என்பதை எடுத்துக் காட்டவே வந்திருக்கின்றேன்.

முதலில் ஓவன் கணக்கைப் பார்ப்போம். விலைவாசி நாளுக்கு நாள் மாறும். ஆகவே தொகையை விட்டுவிட்டு, கணக்கிடும் முறையைக் கவனியுங்கள். அரைக் கிலோ மைதா அல்லது மைதாவும் கோதுமை மாவும் சரிபாதி, 300 மில்லி தண்ணீர், 7 கிராம் உடனடி ஈஸ்ட், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். முழுக் கோதுமை மாவு சற்று அதிகமாக நீர் குடிக்கும் என்பதால் அதற்கு மட்டும் இரண்டு மூன்று கரண்டித் தண்ணீர் கூடுதல். பத்து நிமிடம் நன்கு பிசைந்து, மூடி வைத்து, இரு மடங்காகப் பொங்கியதும் அழுத்தி, அச்சில் இட்டு, மறுபடி பொங்கவிட்டு, 200 பாகை வெப்பத்தில் 30 முதல் 35 நிமிடம் சுட்டால் 700 கிராமுக்குச் சற்றுக் கூடுதலான பிரட் கிடைக்கும்.

மாவு கிலோ 50 ரூபாய் என்று கொண்டால் 25 ரூபாய். ஈஸ்ட் 3 ரூபாய். உப்பு, சர்க்கரை, எண்ணெய் சேர்த்து 6 ரூபாய். 1500 வாட் ஓவன், சூடேறும் நேரத்தையும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம். அதற்கு 6 ரூபாய் என வைப்போம். மொத்தம் 40 ரூபாய். 400 கிராம் பிரட்டைப் பேக்கரியில் 45 ரூபாய்க்கு வாங்குகின்றோம் என்றால், 700 கிராமுக்கு 79 ரூபாய் ஆகின்றது. வாரம் ஒருமுறை சுட்டால் மிச்சம் 39 ரூபாய். ஆண்டு முழுவதும் தவறாமல் சுட்டால் ஏறக்குறைய 2000 ரூபாய்.

நல்ல மிச்சம்தான். ஆனால் இதற்காகவே ஆறாயிரம் ரூபாய் கொடுத்து ஓவன் வாங்கினால் அந்த ஓவனின் விலை திரும்பிவர மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் கம்பி எரிந்துபோனால் அதுவும் இல்லை. ஆகவே பணம் மிச்சப்படுத்துவதற்காக யாரும் ஓவன் வாங்க வேண்டாம் என்பதே என் தாழ்மையான கருத்து. ஏற்கெனவே இருப்பவர்கள், பரணில் கிடக்கும் ஓவனை இறக்கித் துடைத்துப் பயன்படுத்துங்கள். வெளிநாட்டிலிருந்து பெட்டி கட்டி வந்த ஓவன்களில் எத்தனை இன்று பரணில் எவர்சில்வர் பாத்திரங்களைச் சுமந்துகொண்டிருக்கின்றன என்பதை நான் எண்ணத் தொடங்கினால் மஃரிப் வந்துவிடும்!

கேக் விஷயம் வேறு. வெண்ணெய், முட்டை, கொக்கோ, கிரீம், வண்ணம், பெட்டி, அட்டை என்று வாங்கிச் செய்யும் கேக்கில் மிச்சம் என்பது பெரும்பாலும் மனத் திருப்திதான். விற்பனைக்குச் செய்யும் சகோதரிகளைக் குறித்து நான் பேசவில்லை. அது ஹலாலான சம்பாத்தியம், அதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு முறையாகச் செய்யட்டும். வீட்டுக்கென்று வாரந்தோறும் கிரீம் கேக் செய்துவிட்டு அதைச் சிக்கனம் என்று பெயரிட்டு அழைப்பதைத்தான் சொல்கின்றேன்.

இப்போது மறுபக்கக் கணக்கைப் பாருங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், 150 கிராம் அரிசியின் சோறு குப்பைக்குப் போகின்ற ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அது பெரிய அளவன்று. இரண்டு அகப்பைச் சோறுதான். ஆண்டுக்கு 27 கிலோ அரிசி ஆகின்றது. கிலோ 60 ரூபாய் என்றால் 1600 ரூபாய்க்கு மேல். அதே வீட்டில் வாரம் இரண்டு பிரட் பொட்டலம் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஓரத் துண்டுகளும் காய்ந்த துண்டுகளுமாகக் கால் பங்கை எறிந்தால் ஆண்டுக்கு 1100 ரூபாய்க்கு மேல் போகின்றது. குழம்பு, தயிர், கனிந்துபோன பழம் இவற்றை நான் கூட்டவே இல்லை. வாரந்தவறாமல் மாவு பிசைந்து சேர்க்கும் இரண்டாயிரத்தைக் காட்டிலும், ஒன்றும் செய்யாமலேயே இழக்கும் தொகை பெரிது.

இது நம் ஊரின் குறை மட்டும் அன்று. ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணாகியுள்ளது. அதில் 60 விழுக்காடு, உணவகங்களிலோ கடைகளிலோ அல்ல, வீடுகளிலேயே வீணானது. இந்தியாவில் ஓர் ஆள் கணக்குக்கு வீடுகளில் ஆண்டுக்கு 55 கிலோ என்று அந்த அறிக்கை மதிப்பிடுகின்றது. உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே மூச்சில் விரயத்தைத் தடுத்திருக்கின்றது திருக்குர்ஆனின் ஏழாவது அத்தியாயம். அதை விளக்க இங்கே உலமாக்கள் இருக்கின்றார்கள்; நான் சமையலறைக்குத் திரும்புகின்றேன்.

நம் மூதாட்டிகள் ஓவன் இல்லாமலேயே சுட்டவர்கள். தென்மாவட்டத்து முஸ்லிம் இல்லங்களில் ரவையும் முட்டையும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யப்படும் தம்மடையை அறியாதவர் இங்கே குறைவு. சட்டியின் கீழே தணல், மூடியின் மேலேயும் தணல். இரண்டு பக்கச் சூட்டில் அது நிதானமாக வேகும். இதில் நாம் கவனிக்க வேண்டியது, அந்தத் தணல் எங்கிருந்து வந்தது என்பதைத்தான். சோறும் ஆணமும் ஆக்கி முடித்த அடுப்பில் எஞ்சிய நெருப்பு அது; தேங்காய் துருவி முடித்த சிரட்டையின் கங்கு அது. நெருப்பிலும்கூட மீதத்தை விட்டுவைக்காத சிக்கனம்!

அந்தப் பாடத்தை ஓவனுக்கும் பொருத்தலாம். ஓவன் சூடேறுவதற்கே பத்து நிமிட மின்சாரம் செலவாகின்றது. அந்தச் சூட்டை ஒரே ஒரு தட்டுக்காக எழுப்புவது வீண். பிரட் சுடும் நாளில், அது வெந்து இறங்கியதும் அதே சூட்டில் கனிந்த வாழைப்பழக் கேக்கை 170 பாகையில் வையுங்கள். அதுவும் இறங்கியதும் சுவிட்சை அணைத்துவிட்டு, பழைய பிரட் துண்டுகளை உள்ளே பரப்பிக் கதவை மூடிவிடுங்கள். ஆறும் சூட்டிலேயே அவை காய்ந்துவிடும். ஈஸ்ட் வாங்குவதிலும் இப்படித்தான். சிறு பொட்டலங்களாக வாங்கினால் கிராம் கணக்கில் பல மடங்கு விலை. அரைக் கிலோப் பொட்டலத்தை நான்கு வீட்டார் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டு, காற்றுப் புகாத புட்டியில் குளிர்பெட்டியில் வைத்தால், வாரம் ஒரு பிரட் வீதம் நான்கு மாதம் வரும். திறந்த ஈஸ்ட் குளிரில் வீரியத்தோடு இருக்கும் காலமும் ஏறத்தாழ அதுதான்.

இனி, பிரட் ஏன் காய்கின்றது என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஈரம் வற்றுவதால் மட்டுமே காய்கின்றது என்று பலரும் எண்ணுகின்றார்கள். வேகும்போது நீரை உறிஞ்சி இளகிய மாவுச்சத்து, ஆறிய பின் மெல்ல மெல்ல மீண்டும் இறுகி அடுக்காகின்றது. அதுதான் முதற்காரணம். இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது குளிர்பெட்டியின் குளிரில்தான்! நாமோ காயாமல் இருக்கட்டும் என்று பிரட்டைக் குளிர்பெட்டியில் வைக்கின்றோம். இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்றால் வெளியிலேயே மூடி வையுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சை விரைவில் பிடிக்கும் என்று அஞ்சினால், துண்டுகளாக்கி உறைபெட்டியில் வைத்து, வேண்டியபோது வேண்டிய துண்டை மட்டும் எடுத்துத் தோசைக்கல்லில் வாட்டுங்கள். இறுகிய பிரட்டைச் சூடாக்கினால் மாவுச்சத்து மறுபடி இளகும். ஆனால் உடனே உண்டுவிட வேண்டும், ஆறினால் முன்னைவிடக் கடினமாகும். பூஞ்சை பூத்த பிரட் மட்டும் எதற்கும் ஆகாது. பச்சைப் புள்ளியைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைத் தின்னும் பழக்கம் ஆபத்தானது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே ஓடியிருக்கும். அதைத் தூர எறிவது விரயம் ஆகாது. மருத்துவச் செலவைத் தவிர்ப்பதாகும்.

பூஞ்சையில்லாமல் காய்ந்த பிரட்டுக்கு வழிகள் பல. ரஸ்க் என்பதே இருமுறை சுட்ட ரொட்டிதான். விரல் பருமனுக்கு நறுக்கி, 150 பாகையில் அரை மணி நேரம், இடையில் ஒருமுறை திருப்பிவிட்டுச் சுட்டால் டப்பாவில் வாரக்கணக்கில் இருக்கும். ஓரத் துண்டுகளைக் காயவைத்துப் பொடித்தால் கட்லெட்டுக்குக் கடையில் வாங்கும் தூள் தேவையில்லை. வளைகுடா நாடுகளில் பணியாற்றித் திரும்பியோர் குபூஸ் தின்று பழகியவர்கள். அங்கே பழைய குபூஸை முறுகவிட்டுக் காய்கறிகளோடு கலந்து ஃபத்தூஷ் செய்வதைப் பார்த்திருப்பார்கள். எகிப்தியரின் உம்மு அலி என்னும் இனிப்பு, உதிர்ந்த ரொட்டித் துண்டுகளின் மேல் காய்ச்சிய பாலை ஊற்றிச் சுட்டெடுப்பது. ரொட்டியைப் பிய்த்து இறைச்சிச் சாற்றில் ஊறவைக்கும் தரீத், அரபு நாட்டின் பழமையான உணவு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சிறப்பை எடுத்துரைக்கும்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏனைய உணவுகளுக்கு மத்தியில் தரீதுக்குள்ள சிறப்பை உவமையாக்கினார்கள் என்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. நம் வீட்டுச் சால்னாவில் ஊறிய பழைய ரொட்டியை ஏழைமையின் அடையாளமாக எண்ணிக் கூச்சப்படும் இளம்பெண்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

பிரட் அல்வாவை ஏன் சொல்லவில்லை என்று சிலர் முணுமுணுப்பது கேட்கின்றது. பிரட் அல்வா நம் விருந்துகளின் அழகு, மறுக்கவில்லை. ஆனால் பத்து ரூபாய்ப் பழைய பிரட்டைக் காப்பாற்றுவதற்கு நூறு ரூபாய் நெய்யும் சர்க்கரையும் முந்திரியும் போடுவது எந்தக் கணக்கில் சேரும்? மீந்ததைப் பயன்படுத்தும் எந்த முறைக்கும் இந்த உரைகல்லை வைத்துக்கொள்ளுங்கள்: காப்பாற்றப்படும் பொருளைவிடச் சேர்க்கப்படும் பொருளின் விலை மிகுந்துவிடக் கூடாது. தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் காட்டப்படும் மீந்த உணவுச் சமையல்களில் பாதி இந்த உரைகல்லில் தேறாது.

தேறக்கூடிய சிலவற்றைச் சொல்கின்றேன். கறுத்த வாழைப்பழம்தான் கேக்குக்கு ஏற்றது; பழம் கனியக் கனிய மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம். நன்கு கனிந்த மூன்று பழம், இரண்டு கோப்பைக் கோதுமை மாவு, அரைக் கோப்பை வெல்லத் தூள், அரைக் கோப்பை எண்ணெய், அரைக் கோப்பைப் புளித்த தயிர், ஒரு தேக்கரண்டி சமையல் சோடா. புளித்த தயிரில் உள்ள அமிலமும் சோடாவும் சேர்ந்து காற்றை எழுப்பும் என்பதால் முட்டை வேண்டியதில்லை. தேங்காய்ப்பால் பிழிந்த சக்கையை அன்றே வாணலியில் ஈரம் போக வறுத்து வைத்தால், இந்தக் கேக்கிலோ பிஸ்கட்டிலோ அரைக் கோப்பை மாவுக்குப் பதிலாகச் சேர்க்கலாம். காய்ச்சும்போது எதிர்பாராமல் திரிந்த பாலை வடிகட்டினால் பனீர்; வடிந்த நீரைத் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றிப் பிரட் மாவு பிசைந்தால் பிரட் மிருதுவாகும். புளிப்பேறிய இட்லி மாவில் துருவிய சுரைக்காய், பச்சை மிளகாய், இஞ்சி, சிறிது சோடா சேர்த்து, மேலே எள்ளும் கடுகும் தாளித்து ஊற்றி, தட்டில் சுட்டெடுத்தால் குஜராத்தியர் செய்யும் ஹாண்ட்வோவைப் போன்ற காரக் கேக் கிடைக்கும். அவர்களும் அரிசி, பருப்பு மாவைப் புளிக்கவைத்தே அதைச் செய்கின்றார்கள்.

ஆடம்பரப் பண்டத்திலும் சிக்கனம் உண்டு என்பதற்கு மலபார் மாப்பிளா முஸ்லிம்களைச் சொல்ல வேண்டும். முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் சர்க்கரைப் பாகில் நூலாக ஓடவிட்டுச் செய்யும் முட்டைமாலை அவர்களின் கல்யாண வீட்டுப் பெருமை. அத்தனை முட்டையின் வெள்ளைக் கரு என்னவாகும்? அதையும் மீந்த பாகையும் சேர்த்து அடித்து, பாத்திரத்தில் ஆவியில் வேகவைத்துப் பிஞ்ஞாணத்தப்பமாக்கி, அதே தட்டில் மாலைக்கு அருகிலேயே வைத்துவிடுகின்றார்கள். நம் பக்கத்துத் தால்ச்சாவும் இத்தகைய அறிவின் பிள்ளைதான். பிரியாணிக்கு இறைச்சி போக எஞ்சிய எலும்பு, பருப்பு, கத்திரிக்காய், மாங்காய் என்று விலை குறைந்தவை எல்லாம் கூடி, விலை கூடிய பிரியாணிக்குத் துணையாக அமர்கின்றன.

சோற்றைப் பற்றி இனிக் கவனமாகப் பேச வேண்டும். ஏனெனில் மீந்த உணவுகளில் எளிதாக நோய் தரக்கூடியவற்றுள் சோறும் ஒன்று என்பது பலருக்குத் தெரிவதில்லை. அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும். அவை சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. வெந்த சோறு வெளியில் வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சில் ஒரு வகை, மறுபடி எவ்வளவு சூடுபடுத்தினாலும் அழியாது. "நன்றாகச் சுட வைத்துவிட்டேன், ஒன்றும் ஆகாது" என்பது இங்கே பொருந்தாத வாதம். மதியச் சோற்றை மாலை வரை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் பிறகு குளிர்பெட்டியில் வைப்பதில் பயனில்லை. உண்டு முடித்ததும், நம் ஊர் வெயிலுக்கு ஒரு மணி நேரத்துக்குள், மிஞ்சியதை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, மூடிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். குண்டானோடு வைத்தால் நடுச்சோறு பல மணி நேரம் சூடாகவே இருக்கும். மறுநாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். சூடுபடுத்துவதும் ஒரே முறைதான்.

இவ்வாறு முறையாக வைத்த சோற்றில் ஒரு கோப்பையை மசித்து, முன்னே சொன்ன அரைக் கிலோ பிரட் மாவில் சேர்த்துப் பிசைந்து பாருங்கள். தண்ணீரை மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்கி, தேவைக்கேற்பச் சேருங்கள். சோறு ஏற்கெனவே நீர் குடித்திருப்பதால் பிரட் ஈரப்பதத்தோடு இருக்கும், மெதுவாகவே காயும். சோறு சேர்ந்திருப்பது உண்பவருக்குத் தெரியாது. மீந்த உருளைக்கிழங்கு மசியலும் இதே வேலையைச் செய்யும். உப்பும் காரமும் கலந்த மசியலாக இருந்தால் உருண்டைகளாகச் சுட்டு நோன்பு திறக்கும்போது பரிமாறலாம்.

நோன்பு என்றதும் கஞ்சி நினைவுக்கு வருகின்றது. பள்ளிவாசலில் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சி, ஊரார் தரும் நன்கொடையிலும், அரசு வழங்கும் அரிசியிலும் நடைபெறுவது. அஸருக்குப் பின் வீட்டுக்கு இரண்டு தூக்குவாளி கொண்டுவந்து, இரவு ஒரு வாளியைச் சாக்கடையில் ஊற்றுகின்ற காட்சியை நான் என் தெருவிலேயே கண்டிருக்கின்றேன். வாளி கொண்டுவரும் பிள்ளைகளைக் கடிந்து என்ன பயன்? அனுப்பும் நாம் அளவைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

வலீமா விருந்துகளைப் பற்றி நிர்வாகக் குழுவிடம் ஒரு வேண்டுகோள் வைக்கின்றேன். ஒரு கிலோ அரிசிப் பிரியாணி எட்டு முதல் பத்துப் பேருக்குப் போதும் என்பது பண்டாரிகள் சொல்லும் கணக்கு. நாம் ஆயிரம் பேருக்கு அழைப்பு அச்சிட்டு, எத்தனை பேர் வருவார்கள் என்று எவரையும் கேட்காமல் ஆயிரம் பேருக்குச் சமைக்கின்றோம். இருநூறு பேர் வராவிட்டால் 20 முதல் 25 கிலோ அரிசியும் அதற்குரிய இறைச்சியும் மிச்சம். நிக்காஹ் பதிவுக்கு வரும் இரு வீட்டாரிடமும், விருந்துக்கு முந்தைய வாரம் தெருவாரியாக வருகையைக் கேட்டு எழுதிக்கொள்ள ஓர் அட்டையை ஜமாஅத்தே அச்சிட்டுத் தரலாம். தேக்சாவில் கை படாத உணவைப் பந்தி முடியும் வரை காத்திராமல், சூடு ஆறுமுன்பே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் முதியோர் இல்லத்திற்கோ, மருத்துவமனையில் நோயாளிகளோடு தங்கியிருப்போருக்கோ சேர்ப்பதற்கு நான்கு இளைஞர்களை முன்கூட்டியே நியமிக்கலாம். மாலை ஐந்து மணிக்கு எவர் வயிற்றுக்கோ அனுப்புகின்ற காலைப் பிரியாணியை ஸதகா என்று எண்ணிக்கொள்வது பொருந்தாது. ஏழைக்கும் வயிறு ஒன்றுதான். அவரும் பாசில்லஸ் சீரியஸுக்கு இலக்காகக் கூடியவர்தான். இலையில் எஞ்சியவை மனிதருக்கு ஆகாது. ஆட்டுக்கும் கோழிக்கும்கூட எலும்பும் காகிதக் குவளையும் பிரித்த பின்னரே போட வேண்டும்.

உரை முடிந்ததும் திரைக்கு அப்பாலிருந்து ஒரு சகோதரி சீட்டு எழுதி அனுப்பினார். ஓவன் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், ஓவன் இல்லாத எங்களுக்கு வழி என்ன, குக்கரில் சுடலாமா என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அழுத்தக் குக்கரை வெறுமனே காயவிட்டால் அதன் அடியும் வடிவமும் கெடும்; விலை கொடுத்து வாங்கிய குக்கரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அடிகனமான பழைய இரும்புச் சட்டியோ பிரியாணி தேக்சாவோ போதும். அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையத்தையோ சிறு முக்காலியையோ வைத்து, கனமான மூடியால் மூடிப் பத்து நிமிடம் மிதமான தீயில் சூடாக்குங்கள். பிறகு, அச்சில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்பிய மாவை உள்ளே இறக்கி, தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். இடையில் மூடியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. வாழைப்பழக் கேக்குக்கு 45 முதல் 50 நிமிடம் ஆகும். மேற்பகுதி ஓவனில் போலச் சிவக்காது. சிவக்க வேண்டுமென்றால், இறக்கிய பின் தோசைக்கல்லில் ஒரு நிமிடம் கவிழ்த்துப் போடலாம். அந்த உப்பு சமையலுக்கு ஆகாது. ஆறியதும் ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டால் அடுத்தடுத்த முறைக்கு அதுவே போதும். நடுவில் குத்திய ஈர்க்கில் மாவு ஒட்டாமல் வெளிவந்தால் வெந்துவிட்டது, இறக்கிவிடலாம்.